ஏடிஆரிலிருந்து ஏர்பஸ்: வெளிநாட்டு லேஓவரை நம்பி மாறலாமா?

வலதுசீட்டு

வணக்கம். சென்னை பேஸில் ஏடிஆர் 72 என்கிற சின்ன டர்போப்ராப் (புரொப்பல்லர்) விமானம் ஓட்டுகிறேன், ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது வலது சீட்டில் உட்காரும் துணை பைலட். திருச்சி, தூத்துக்குடி, சேலம், யாழ்ப்பாணம் என்று எல்லாமே குட்டி செக்டார்கள், அதாவது குறுகிய பறப்புகள். ஒரு நாளைக்கு நாலு லேண்டிங் சாதாரணம். களைப்பாக இருக்கும், ஆனால் முக்கால்வாசி ராத்திரி வீட்டில்தான் தூக்கம்.

இப்போது பெரிய ஜெட்டான ஏர்பஸ் ஏ320க்கு மாற விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து பினாங்கு மாதிரி புது வெளிநாட்டு ரூட்கள் வந்ததில் ஆள் தேவைப்படுகிறதாம். பேட்ச்மேட்கள் லேஓவர் (டியூட்டிக்கு நடுவே வெளியூரில் தங்குவது) படங்களை அனுப்பும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரம்மாவும் வேலைக்குப் போகிறார், பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. ஏடிஆரில் கமாண்டுக்கு (கேப்டன் ஆவதற்கு) வேண்டிய மணிநேரமும் நெருங்கிவிட்டது. மாறினால் அது தள்ளிப்போகும்.

வெளியூரில் தங்குகிற வாழ்க்கை உண்மையில் எப்படி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நீலவான்

கண்ணை மூடிக்கொண்டு மாறுங்கள் ப்ரோ. லேஓவர் அலவன்ஸ் தனி, ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு. ஜெட் மணிநேரம் லாக்புக்கில் ஏறினால் நாளைக்கு எந்தக் கம்பெனியும் கூப்பிடும். குடும்பம் பழகிக்கொள்ளும்.

தென்மேற்குக் காற்று

தம்பி, நானும் ஏடிஆரில் வளர்ந்தவன்தான். இப்போது ஏ320இல் இடது சீட், கேப்டன். நீலவான் சொன்ன அலவன்ஸும் மணிநேரமும் உண்மை. ஆனால் தங்கப்போகிற ஊரின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். இங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, அங்கிருந்து எத்தனை மணிக்குத் திரும்புகிறது, இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

பகலில் ஏ320 விமானங்களுக்கு உள்நாட்டிலேயே வேலை இருக்கும். ராத்திரி சும்மா நிற்கிற நேரத்தில் வெளிநாடு போய் வந்தால் கம்பெனிக்கு ஆதாயம். அதனால் கிழக்கே போகிற ரூட்கள் பலவும் நடுநிசி தாண்டித்தான் கிளம்பும். இனி நம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் கொண்டுவந்த விதியைப் பாருங்கள். ராத்திரி 12இலிருந்து காலை 6 வரையிலான நேரத்தைத் தொடுகிற டியூட்டி என்றால் 8 மணி நேரப் பறப்பு, 10 மணி நேர டியூட்டி, 2 லேண்டிங், அவ்வளவுதான். போக நாலேகால் மணி, வர நாலேகால் மணி என்றால் அங்கேயே வரம்பு தாண்டிவிட்டது. அதே க்ரூ திருப்பிக் கொண்டுவர முடியாது, அதனால் ஹோட்டலில் இறக்குகிறார்கள்.

இந்த ராத்திரி விதிகள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அடுத்த மாதமே ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) போட ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதும், ராத்திரி விதிக்குத் தற்காலிக விலக்கு கொடுக்கப்பட்டதும் உங்களுக்கே தெரியும். விலக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். விடியற்காலை நாலு மணிக்கு உடம்பு எந்த விலக்கையும் ஏற்றுக்கொள்வதில்லை. அந்த வேளையில் ரன்வேயில் இறங்க அப்ரோச் பண்ணுகிறவனுக்கு அது தெரியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பினாங்கு இருக்கிற மலேசியாவின் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இறங்கும்போது அங்கே நல்ல வெயில். ரூமுக்குப் போய்ப் படுத்தால் மூன்று நாலு மணி நேரம் தூங்குவீர்கள், அதற்குமேல் உடம்பு விடாது. அன்று ராத்திரி அங்கே பத்து மணிக்கு விளக்கை அணைத்தால் உங்கள் உடம்புக்கு மணி ஏழரைதான், தூக்கம் வராது. மறுநாள் பிக்கப்புக்காக ஆறு மணிக்கு அலாரம் அடித்தால் உடம்புக்கு மூன்றரை. ஆக, ரோஸ்டரில் இருபத்துநாலு மணி நேர ஓய்வு என்று அழகாக இருக்கும், கண்ணை மூடிய நேரம் அதில் பாதிகூட இருக்காது.

நான் செய்வது இது. இறங்கியதும் அலாரம் வைத்து மூன்று மணி நேரம் மட்டும் தூங்குவேன். மத்தியானம் கட்டாயம் வெளியே நடப்பேன். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் குயீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழும்பியது, அந்தப் பக்கம் போனால் காதில் விழுவது தமிழ்தான். தமிழ் முஸ்லிம்கள் அங்கே வளர்த்தெடுத்த நாசி கந்தாரை (குழம்பு ஊற்றிய சோறு)ச் சாயங்காலமே சாப்பிட்டுவிடுவேன், ராத்திரி வயிறு லேசாக இருக்கணும். மேற்கே துபாய்ப் பக்கம் போனால் கதை வேறு. அவர்கள் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சீக்கிரமே தூக்கம் சொக்கும். எனக்கு அந்தப் பக்கம்தான் ஒத்துக்கொள்கிறது.

இன்னொன்று. வெளிநாட்டில் தங்கிவிட்டு வந்தால் இந்தியாவில் முதலில் இறங்குகிற இடத்தில், குடிக்கவில்லை என்று கருவியில் ஊதிக் காட்டணும். குடிக்காதவர்களும் கவனிக்க வேண்டியது ஹோட்டல் பாத்ரூமில் வைத்திருக்கும் மவுத்வாஷ். ஆல்கஹால் கலந்ததைத் தொடவே கூடாது என்று 2023இல் விதியிலேயே எழுதிவிட்டார்கள். பல்பொடியோ பேஸ்ட்டோ வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

பறத்தலைப் பற்றியும் சொல்லணும். ஏடிஆரில் 25,000 அடிக்குக் கீழே மேகத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய கை உங்களுடையது. வங்கக்கடலுக்கு மேலே ராத்திரி போகும்போது, 39,000 அடியில் இருந்தாலும் அதையும் தாண்டி நிற்கிற இடிமேகங்கள் வரும். ரேடார் பார்த்து ஒதுங்கத் தெரிந்தவன் அங்கே ராஜா. நடுக்கடலில் விஎச்எஃப் ரேடியோ எட்டாது, தூரத்துக்கு எட்டுகிற ஹெச்எஃப் ரேடியோவின் இரைச்சலும், கட்டுப்பாட்டு மையத்தோடு எழுத்தில் பேசுகிற சிபிடிஎல்சியில் தட்டுகிற செய்தியும்தான். ஆனால் லேண்டிங் குறைந்துவிடும். போக வர இரண்டு, அதில் உங்களுக்கு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். புது ரக விமானத்தில் கை படிய வேண்டிய முதல் வருஷத்தில் அது பெரிய இழப்பு. அதனால் உள்நாட்டு செக்டார்களும் கலந்த ரோஸ்டராகக் கேளுங்கள்.

கடலோரக் கேப்டன்

நான் ஏடிஆரிலேயே இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. எனக்கு ஒரே ஒரு கருத்துதான்: கமாண்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சீட்டை விட்டு எழுந்திருக்காதீர்கள். கேப்டனாகப் பறந்த மணிநேரம் எந்த விமானத்துக்குப் போனாலும் கூடவே வரும். இப்போது மாறினால் டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்துக்கான தகுதி), சிமுலேட்டர், லைன் ட்ரெய்னிங் (பயணிகளோடு பறக்கும் பயிற்சி) எல்லாம் முடிந்து மறுபடி வலது சீட்டில் வரிசையில் நிற்கணும். பாப்பா பள்ளிக்கூடம் போகிற வயசிலும் நீங்கள் அந்த வரிசையில்தான் இருப்பீர்கள்.

ஏடிஆர் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் மறுபடி திறந்தபோது அந்தக் குட்டை ரன்வேயில் சென்னையிலிருந்து போய் இறங்கியது ஏடிஆர்தான். எத்தனையோ வருஷம் கொழும்பு சுற்றி ஊருக்குப் போன சனம் ஒன்றேகால் மணி நேரத்தில் வீட்டு வாசலுக்குப் போகிறது. தூத்துக்குடியிலும் 1,350 மீட்டர் ரன்வேயில் அத்தனை காலம் ஊரை வெளியுலகத்தோடு இணைத்தது இந்த டர்போப்ராப்தான். இப்போது அது 3,115 மீட்டர் ஆகிவிட்டது, ஜெட் வரட்டும், சந்தோஷம்.

வீட்டுக்காரம்மாவிடம் ஒரு மாதிரி ரோஸ்டரைக் காட்டிப் பேசுங்கள். அவருக்குக் காலை ஷிஃப்ட் இருக்கும் நாளில் நீங்கள் மலேசியாவில் தூங்கிக்கொண்டிருந்தால் பாப்பாவை யார் பார்ப்பது? அதற்குப் பதில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வலதுசீட்டு

அண்ணா, மேடம், இருவருக்கும் நன்றி. லேண்டிங் குறைவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மேடம் கேட்ட கேள்வியை ராத்திரி வீட்டில் பேசினோம். மாமியார் வந்து இருக்க முடியும், ஆனால் மாதம் முழுக்க முடியாது. இப்போதைக்கு ஏடிஆர் கமாண்டை முடிக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரே பயம், இந்த வாய்ப்பை வேண்டாம் என்றால் மறுபடி கேட்பார்களா?

தென்மேற்குக் காற்று

வாய்மொழியாக யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள் தம்பி, மெயிலில் கேளுங்கள். கமாண்டுக்குப் பிறகு மாறினால் இடது சீட்டிலேயே எடுப்பார்களா, சீனியாரிட்டி தொடருமா, பாண்ட் (வேலையை விடமாட்டேன் என்கிற ஒப்பந்தம்) எத்தனை வருஷம், எவ்வளவு தொகை. கூடவே அந்த வெளிநாட்டு ரூட் ஓட்டுகிற யாரிடமாவது போன மாத ரோஸ்டரை வாங்குங்கள். பேரை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், தூக்கத்துக்கு எத்தனை ராத்திரி மிஞ்சுகிறது என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.