லெப்ரான் கிளீவ்லாந்துக்குத் திரும்பியது: ஊர்ப்பாசமா, கணக்கா?

வடகரை:
2014 ஜூலை 11 அன்று, மயாமி ஹீட் அணியை விட்டுத் தன் பழைய அணியான கிளீவ்லாந்து கேவலியர்ஸுக்கே திரும்புவதாக அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் ஒரு விளையாட்டு இதழில் கட்டுரையாக அறிவித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவர் தொலைக்காட்சி நேரலையில் உட்கார்ந்து மயாமிக்குப் போகிறேன் என்று சொன்ன இரவில், அவர் பெயர் போட்ட சட்டைகளைத் தெருவில் கொளுத்திய ஊர் அது. அங்கே மறுபடி போய் நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! விளையாட்டுலகில் இதைவிடப் பெரிய திரும்புதலை நான் பார்த்ததில்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

கணக்கன்:
மறுக்கிறேன். அந்தக் கட்டுரையைப் படித்து உருகியவர்கள் இரண்டு அணிகளின் அன்றைய நிலையைப் பார்க்கவில்லை. மயாமி அந்த ஜூனில்தான், முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்கே கோப்பை என்ற இறுதிச்சுற்றில் சான் அன்டோனியோவிடம் 4-1 என்று தோற்றிருந்தது. அந்த அணியின் இன்னொரு நட்சத்திரம் டுவைன் வேடுக்கு முழங்கால் தொல்லை. கிளீவ்லாந்துக்கோ 2011, 2013, 2014 என மூன்று டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில், முதல் தேர்வு கிடைத்திருந்தது. அப்படி வந்த கைரி அர்விங்குக்கு வயது 22. அப்போதுதான் தேர்வான ஆண்ட்ரூ விகின்ஸின் பெயர் கட்டுரையில் இல்லவே இல்லை. ஆகஸ்டில் அவரை மினசோட்டா அணிக்குக் கொடுத்துவிட்டு அதன் நட்சத்திரம் கெவின் லவ்வை வாங்கினார்கள். லெப்ரானின் ஒப்பந்தமும் இரண்டே ஆண்டு, முதல் ஆண்டு முடிந்ததும் விலகிக்கொள்ளலாம். தாய்வீட்டுக்கு வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றாமலா நிற்பார்?

வடகரை:
அந்த வீட்டில் யார் இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். 2010இல் அவர் போன அன்றே, அணி உரிமையாளர் டான் கில்பர்ட் அவரைத் துரோகி என்று தூற்றி ஊரறியக் கடிதம் எழுதினார். அதற்காக, இந்த அணிகள் ஆடும் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதே முதலாளியிடம் திரும்பி வருகிறவர், நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டுமா? அவர் இல்லாத முதல் பருவத்தில் அணி 19 ஆட்டம் வென்றது, 63 தோற்றது. நடுவே தொடர்ந்து 26 தோல்வி. வெறும் கணக்குப் பார்க்கிறவர் கிளீவ்லாந்தை விட வெயிலும் கடலும் உள்ள எத்தனையோ ஊர்களைத் தேர்ந்திருக்கலாம்.

ஏரிக்காற்று:
இருவரும் ஒன்றைத் தவறவிடுகிறீர்கள். லெப்ரானின் சொந்த ஊர் கிளீவ்லாந்து இல்லை, ஆக்ரன். சுமார் 60 கிலோமீட்டர் தெற்கே, டயர் ஆலைகளால் வளர்ந்து, ஆலைகள் மூடியதும் வற்றிப்போன நகரம். பதினாறு வயதில் அவரைப் பெற்ற தாய், வாடகை கட்ட முடியாமல் வீடு வீடாக மாறினார். நான்காம் வகுப்பில் பையன் எண்பது நாளுக்கும் மேல் பள்ளிக்குப் போகவில்லை. 2018 ஜூலையில் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக ஆக்ரனில் திறந்த பள்ளி அந்த வகுப்பறையின் கடன். அதே மாதம்தான் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸில் சேர்ந்தார். அணியை விட்டார், ஊரை விடவில்லை. இதை நீங்கள் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

கணக்கன்:
பள்ளியை நான் மதிக்கிறேன், அதில் வாதம் இல்லை. ஆனால் இரண்டாவது முறையும் போய்விட்டார் என்பதை நீங்களே சொல்கிறீர்கள். 2017இல் அர்விங் பாஸ்டனுக்குப் போனார், 2018 இறுதிச்சுற்றில் 4-0 தோல்வி, அடுத்த மாதமே லேக்கர்ஸ். அணி வலுவாக இருக்கும்வரை இருந்தார் என்றுதான் எனக்குத் தெரிகிறது.

வடகரை:
அந்த நான்கு ஆண்டுகளில் என்ன நடந்தது? நான்கு முறையும் இறுதிச்சுற்று. 2016இல் எதிரே நின்றது, ஒரே பருவத்தில் 73 வெற்றி என்ற சாதனையோடு வந்த கோல்டன் ஸ்டேட். தொடர் 3-1 என்று கைவிட்டுப்போயிருந்தது. அங்கிருந்து மீண்டு இறுதிச்சுற்றை வென்ற அணி அதுவரை எதுவும் இல்லை. ஏழாவது ஆட்டம் நம் நேரப்படி ஜூன் 20 காலை. 89-89. கோல்டன் ஸ்டேட்டின் இகுவோடலா தனியாகப் பந்தைக் கூடைக்கு எடுத்துப் போகிறார். பின்னாலிருந்து ஓடி வந்த லெப்ரான் அதைப் பலகையோடு அறைந்து தடுக்கிறார். பிறகு அர்விங்கின் மூன்று புள்ளி. 93-89. 1964க்குப் பிறகு கிளீவ்லாந்தின் எந்தப் பெரிய தொழில்முறை அணிக்கும் கோப்பை கிடைத்திருக்கவில்லை. 52 ஆண்டுகள்! லெப்ரான் தரையில் முகம் புதைத்து அழுதார். அந்த அழுகையை ஒப்பந்தத்தின் எந்த விதியில் தேடுவீர்கள், கணக்கன்?

கணக்கன்:
அந்த ஓட்டத்தை நானும் மறக்கவில்லை. ஆனால் கோப்பை வந்ததாலேயே புறப்பட்ட நோக்கம் தூயதாகிவிடாது. விகின்ஸ் இடத்தில் நின்று பாருங்கள்.

ஏரிக்காற்று:
நோக்கத்தை நாம் அளக்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் அளந்ததைச் சொல்கிறேன். 2010 டிசம்பர் 2, மயாமி சட்டையோடு அவர் கிளீவ்லாந்தில் ஆடிய முதல் ஆட்டம். பந்தைத் தொட்டபோதெல்லாம் கூச்சலிட்டு ஏசினார்கள். 2018 நவம்பர் 21, லேக்கர்ஸ் சட்டையோடு வந்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.