நர்சிங் அரியர்: ஐந்தாவது செமஸ்டர் போக முடியுமா? அவசரம்

நிலா: பிஎஸ்சி நர்சிங் படிக்கிறேன். ஒரு அரியர் இருக்கிறது. ஐந்தாவது செமஸ்டர் கிடையாது என்கிறார்கள் ஆபீசில். ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டுமா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

கெடிலக்கரை: கடலூரா பாண்டியா? எந்த வருஷம் சேர்ந்தீர்கள்? எந்தப் பாடம், தியரியா பிராக்டிகலா?

வில்லியனூரான்: அட்டெண்டன்ஸ் பிரச்சினையாகத்தான் இருக்கும். 80 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சைக்கே உட்கார விடமாட்டார்கள். முதலில் ரிஜிஸ்டரைப் போய்ப் பாரும்மா.

சீனியர் ஸ்டாஃப்: சேரும்போதே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது தங்கச்சி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் படிப்பதில்லை. இரண்டு பாடத்துக்கு மேல் போனால்தான் அடுத்த வருஷம் கிடையாது. ஒன்றுதானே, தாராளமாகப் போகலாம்.

மஞ்சக்குப்பம் அக்கா: சிஸ்டர், நீங்கள் சொல்வது பழைய வருடாந்திர முறை. 2021-22இல் சேர்ந்தவர்களிலிருந்து செமஸ்டர் வந்துவிட்டது. நிலா, எந்த பேட்ச்?

நிலா: பாண்டி. 2023 பேட்ச். அடல்ட் ஹெல்த் நர்சிங் முதல் தாள் (பெரியவர்களுக்கான நர்சிங் பாடம்). தியரி பாஸ், பிராக்டிகல் போச்சு.

மஞ்சக்குப்பம் அக்கா: அப்படியென்றால் பயப்படாதே பாப்பா. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அடுத்த செமஸ்டர் வகுப்பில் உட்காரலாம், வார்டு போஸ்டிங்கும் போகலாம். ஐந்தாவது செமஸ்டர் பரீட்சை எழுதுவதற்குள் முந்தையது எல்லாம் பாஸாகியிருக்க வேண்டும். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் இதே கணக்கு. ஆபீசில் "வகுப்புக்கு வரக்கூடாதா, பரீட்சை எழுதக்கூடாதா" என்று பிரித்துக் கேள். அப்புறம் இன்னொன்று: பிராக்டிகல் மட்டும் போனாலும் தியரியும் சேர்த்துத்தான் திரும்ப எழுத வேண்டும்.

வில்லியனூரான்: ஒரே பாடம்தானே, பாஸாக்குவதற்குச் சேர்த்துப் போடும் 5 மார்க் கிரேஸ் கேட்கச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை: கிரேஸ் தியரிக்கு மட்டும்தான் அண்ணா. இங்கே உதவாது.

வில்லியனூரான்: பாஸான தியரியை ஏன் திரும்ப எழுத வேண்டும்? அநியாயம். பிராக்டிகலில் எல்லாம் நம் கையிலா இருக்கிறது? என் தங்கைக்குக் கொடுத்த பேஷண்டை கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) பாதியில் இருக்கும்போது ஸ்கேனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். மார்க் போட வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் மேடம் வந்தபோது காலிக் கட்டில் பக்கத்தில் நின்றாள். மார்க் போய்விட்டது.

சீனியர் ஸ்டாஃப்: வார்டில் அப்படித்தான் நடக்கும் தம்பி. ஷிப்ட் மாறும்போது பேஷண்ட் பற்றிச் சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். கையும் படிப்பும் சேர்ந்து வந்தால்தான் நர்ஸ். இரண்டையும் எழுதச் சொல்வது சரிதான்.

வில்லியனூரான்: நின்று பதில் சொன்னாளே, அதற்கு மார்க் எங்கே? பேஷண்டை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும்.

கெடிலக்கரை: இதை வேறு இழையில் பேசலாமே. நிலா, ஆபீசில் என்ன சொன்னார்கள்?

நிலா: கேட்டேன். வகுப்புக்கு வரலாமாம், பரீட்சைதான் எழுத முடியாதாம். சப்ளிமென்டரிக்குப் பணம் கட்டியாச்சு. நன்றி அக்கா. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

புதுசு: கடலூர் பக்கம். இங்கிலீஷில் 43 சதவீதம் வந்திருக்கிறது. 50 வேண்டாமா?

மஞ்சக்குப்பம் அக்கா: இங்கிலீஷுக்கு 40 போதும். பாஸ்தான்.