வேளாவதர் வெளிமான் பூங்கா: ஒரே நாளில் முடியுமா?

மதுரைக்காரன்:
டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு அகமதாபாத் போகிறோம். அங்கிருந்து குஜராத்திலேயே இருக்கும் வேளாவதர் தேசியப் பூங்காவுக்குப் போய் அன்றே திரும்பலாமா? கோடியக்கரையில் பார்க்காத வெளிமானா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

புல்லுக்கட்டு:
போகலாம், ஆனால் ஒரே நாள் வேண்டாம். சாலையில் ஏறக்குறைய 140 கிலோமீட்டர், போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிடும், ஓநாயைப் பார்க்க வேண்டுமென்றால் விடிகாலையிலேயே வாசலில் நிற்க வேண்டும். முந்தின ராத்திரி பூங்காவுக்குப் பக்கத்து நகரமான பாவ்நகரில் தங்குங்கள். பூங்கா என்னவோ 34 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் தட்டையான புல்வெளி, மான் கூட்டம் துள்ளி ஓடுவது தூரத்திலிருந்தே தெரியும். கழுதைப்புலி அதிர்ஷ்டம் இருந்தால்.

பருந்துப்பைத்தியம்:
மான் இருக்கட்டும், சாயங்காலத்தை விடாதீர்கள்! குளிர்காலத்துக்கு மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் பகலெல்லாம் வெட்டுக்கிளி பிடித்துவிட்டு, பொழுது சாயும்போது கூட்டமாகப் புல்லுக்குள் இறங்கித் தரையிலேயே அடையும். இது கோடியக்கரையில் கிடைக்காது.

மதுரைக்காரன்:
வரகுக்கோழி கண்ணில் படுமா?

பருந்துப்பைத்தியம்:
அது மழைக்காலத்தில் வரும் புல்வெளிப் பறவை. அப்போது பூங்காவே மூடியிருக்கும், ஜூன் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை.

மதுரைக்காரன்:
சரி, பாவ்நகரில் அறை பார்க்கிறேன்.