95 வாட் ஐ5-2400ஆ, 6 வாட் என்100ஆ? ஐந்து பங்காளிகள், ஒரே மீட்டர்

பள்ளத்தூர்ப் பேரேடு எழுதியது:

வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் வீடு ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து பங்காளிக் குடும்பங்களுக்குப் பொது. ஊரோடு இருப்பது நானும் மனைவியும்தான். மற்றவர்கள் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் வருவார்கள். மின்சாரத்துக்கு மீட்டர் ஒன்று. கட்டணத்தை ஐந்தாகப் பிரித்துக்கொள்கிறோம். வம்பு அங்கேதான் முளைத்தது.

ஓராண்டாக, எங்கள் ஐயா பர்மாவில் லேவாதேவி நடத்திய காலத்துப் பேரேடுகளை ஸ்கேன் செய்து வருகிறேன். கரையான் தின்றது போக மூன்று மரப்பெட்டி மிச்சம். எண்களெல்லாம் தமிழ் எண்கள். வட்டிக் கணக்கில் மாகாணி, அரைக்கால் என்று பழைய பின்னங்கள் வரும்போது மனைவியைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. படங்கள் என் அறையில் உள்ள பழைய கம்ப்யூட்டரின் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கின்றன. கோலாலம்பூரிலும் டல்லாஸிலும் இருக்கிற பிள்ளைகள் நினைத்த நேரத்தில் திறந்து பார்ப்பதால் அது இரவு பகலாக ஓடுகிறது.

போன மாதம் சென்னையிலிருந்து அண்ணன் வந்தார். மீட்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் பெயரைக் கேட்டுச் செல்போனில் தேடினார். 95 வாட். அதை 24 மணி நேரத்தாலும் 60 நாளாலும் பெருக்கி, "இரண்டு மாதத்துக்கு 137 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் உன் பெட்டியே தின்று ஏப்பம் விடுகிறது" என்றார். அதுவும் பந்தியில், இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு. என்100 என்று புதுப் பிராசஸர் ஒன்று வந்திருக்கிறதாம், 6 வாட்தானாம், 9 யூனிட்டோடு முடிந்துவிடுமாம்.

கோபம் தணிந்தபின் நானும் தேடிப் பார்த்தேன். என்னுடைய ஐ5-2400 வந்தது 2011இல்: நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், 6 எம்பி கேஷ் (உள் நினைவகம்). என்100 வந்தது 2023இல்: நான்கு கோர், உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், 6 எம்பி கேஷ். காகிதத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஒருவனுக்கு 95 வாட் சாப்பாடு, இன்னொருவனுக்கு 6. இதை எப்படி நம்புவது? எங்கோ ஏமாற்று இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செக்காலைப் பட்டறை எழுதியது:

வணக்கம் ஐயா. ஏமாற்று இல்லை, ஆனால் உங்கள் அண்ணன் போட்ட கணக்கு தப்பு. அந்த 95, பிராசஸர் முழு மூச்சாக வேலை செய்யும்போது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும் என்று விசிறி செய்பவருக்குச் சொல்கிற எண். கல்யாண வீட்டு அண்டா எவ்வளவு கொள்ளும் என்பது வேறு, இன்றைக்கு அதில் எத்தனை படி அரிசி வேகிறது என்பது வேறு. உங்கள் பெட்டி நாளில் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பட்டறையில் இதே பிராசஸரை இரண்டு ஹார்ட் டிஸ்க்கோடு சுவர்ப் பிளக்கில் அளந்தபோது, சும்மா இருக்கையில் 45 வாட், முழு வேலையில் 100ஐ ஒட்டி வந்தது.

என்100இன் 6 வாட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். அதை வைத்து மினி பிசி என்ற சின்னப் பெட்டி செய்பவர்கள் பெரும்பாலும் 10, 15 வாட் வரை அதைத் தின்ன விடுகிறார்கள். உங்கள் டிஸ்க்குகள் இரண்டையும் மாட்டினால், சும்மா இருக்கையில் சுவரில் 16 வாட் அளவில் வரும். டிஸ்க் சுற்றுகிற மின்சாரம் எந்தப் பெட்டியில் இருந்தாலும் அதே மின்சாரம்தானே.

வேகத்துக்கு வருவோம். 3.4 என்பது ஒரு நொடியில் எத்தனை துடிப்பு என்பதுதான். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அது சொல்லாது. உங்களுடையது சாண்டி பிரிட்ஜ் என்ற பழைய வடிவமைப்பு. என்100இல் இருப்பது கிரேஸ்மான்ட் என்ற புதிய வகைக் கோர். இன்டெல் அதை அறிமுகப்படுத்தியபோது 2015இன் ஸ்கைலேக் கோரோடுதான் ஒப்பிட்டது. ஆகவே ஒரு கோரை வைத்துப் பார்த்தால் புதியது ஒரு படி மேலேதான். நான்கு கோரும் மணிக்கணக்கில் ஓடும் வேலையில்தான் சந்தேகம்: விசிறி இல்லாத பெட்டியை வாங்கிச் சித்திரை வெயிலில் வைத்தால் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சின்ன விசிறி உள்ளதாகப் பாருங்கள்.

என்100இல் ரேமுக்கு (தற்காலிக நினைவகத்துக்கு) தரவு போய்வர ஒரே தடம் என்று பயமுறுத்துவார்கள். உங்கள் பழைய டிடிஆர்3-1333 ரேம் இரண்டு தடத்திலும் சேர்த்து நொடிக்கு 21 ஜிபி. டிடிஆர்4-3200 ஒரே தடத்தில் 25 ஜிபிக்கு மேல். பயம் வேண்டாம்.

வீட்டில் அறுபதாம் கல்யாண வீடியோ ஏதாவது இருக்கிறதா? செல்போனில் எடுத்து ஹெச்.265 என்ற முறையில் சுருக்கிய 4கே வீடியோவை உங்கள் ஐ5 பிராசஸர் பலத்தாலேயே முக்கி முக்கி ஓட்ட வேண்டும். என்100இல் அதற்கென்று தனிப் பகுதியே இருக்கிறது, ஏவி1 என்ற இன்னும் புதிய சுருக்க முறை உட்பட. இங்கே பழையதற்குப் போட்டியே இல்லை. பழையதன் பலம் மதர்போர்டில் டிஸ்க் மாட்ட இருக்கிற சாட்டா இணைப்புகள். மினி பிசியில் ஒன்று இருந்தாலே பெரிது, மிச்ச டிஸ்க் யுஎஸ்பியில்தான்.

முதலில் பிளக்கில் மாட்டுகிற ஒரு வாட் மீட்டர் வாங்கி அளந்துவிட்டு வாருங்கள்.

பள்ளத்தூர்ப் பேரேடு எழுதியது:

மீட்டர் வந்தது, அளந்தேன். சும்மா இருக்கையில் 47. ஸ்கேன் ஓடும்போது 60ஐத் தொட்டு இறங்குகிறது. இரண்டு மாதத்துக்கு 68 யூனிட். அண்ணன் சொன்னதில் பாதி. செய்தியை உடனே அனுப்பிவிட்டேன்.

அளந்த கையோடு பெட்டியையும் திறந்தேன். விசிறியை எடுத்தால் அடியில் வெப்பப் பசை வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்புபோல் காய்ந்து பொருக்காகப் பெயர்ந்தது. அலுமினியத் தகடுகளின் இடுக்கில் இலவம்பஞ்சு மாதிரி தூசி. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, புதுப் பசை வைத்து மூடினேன். மீட்டரில் அதே 47தான். இரைச்சல் மட்டும் நின்றுவிட்டது. வளவு முற்றத்தில் புறா முனகுவது இப்போது என் அறை வரை கேட்கிறது.

தேவகோட்டை ஆச்சி எழுதியது:

தம்பி, எனக்கு எழுபது ஆகிறது, அதனால் தம்பி என்றே சொல்கிறேன். என்100 பெட்டி என்னிடம் இரண்டு வருடமாக ஓடுகிறது. கரண்டு போனால் பழைய கம்ப்யூட்டரை என் யுபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும். இதை ஒன்றரை மணி நேரம் தாங்குகிறது. எனக்கு அதுவே போதும். ஆனால் யுஎஸ்பி டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என்னுடையது பெட்டியிலிருந்தே மின்சாரம் எடுக்கிற வகை. இரண்டு முறை நடுவழியில் கழன்றுகொண்டது. ஒரு முறை பேத்தியின் படங்கள் போயின. உங்கள் பேரேட்டுக்கு இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்றை யாரும் கேட்கவில்லையே. உங்கள் வீட்டு இரண்டு மாத மொத்தம் எத்தனை யூனிட்? 500ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கும் கூடுதல் விலை போடுவார்கள். பட்டறைக்காரர் சொன்ன 16 வாட் என்றால் உங்கள் 68 யூனிட் 23 ஆகும், மிச்சம் 45. 300இல் நிற்கிற வீட்டுக்கு 45 யூனிட் மிச்சம் என்பது சில்லறைக் காசு, அதற்காகப் புதுப் பெட்டி வாங்குவது வீண். 500ஐ ஒட்டி நிற்கிற வீடென்றால் கணக்கே வேறு.

பள்ளத்தூர்ப் பேரேடு எழுதியது:

ஆச்சி, அட்டையை எடுத்துப் பார்த்தேன். போன முறை 530. அதற்கு முந்தியது 522. என் பெட்டியின் 68 போய் 23 வந்தால் 485.

விசிறி உள்ள என்100 ஒன்றும், தனி அடாப்டர் உள்ள டிஸ்க் பெட்டி ஒன்றும் ஆர்டர் செய்துவிட்டேன். ஸ்கேன் வேலை பழைய ஐ5இலேயே பகலில் ஓரிரு மணி நேரம் மட்டும் நடக்கும். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுவேன், அது தின்பதைச் சேர்த்தாலும் 500ஐத் தாண்டாது. இரவு பகல் காவல் புதியவனுக்கு.

மிச்சமாகிற பணம் ஐந்து பேருக்கும் பொது என்பதால், பெட்டியின் விலையையும் ஐந்தாகப் பிரிக்கலாமா என்று அண்ணனுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். படித்துவிட்டார். மூன்று நாளாகிறது.