லீக் மாறியும் பெயரை விடாத அணிகள்: யார் முடிவு செய்கிறார்கள்?

பந்துப்பித்தன் (கேள்வி):

ஒரு வாரமாகப் பழைய ஏபிஏ (அமெரிக்காவில் என்பிஏவுக்குப் போட்டியாக இருந்த லீக்) கூடைப்பந்து ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று நிறத்தில் பந்து, அது சுழன்றுகொண்டே போவதைப் பார்ப்பதே தனி அழகு, அதை ஒற்றைக் கையில் அள்ளிக்கொண்டு ஜூலியஸ் எர்விங் தாவுகிறார். அவருடைய அணி நியூயார்க் நெட்ஸ். இன்றைக்கு என்பிஏ புள்ளிப்பட்டியலைத் திறந்தால் அங்கேயும் நெட்ஸ் இருக்கிறது. 1976ல் ஏபிஏ மூடப்பட்டபோது நெட்ஸ், டென்வர் நகட்ஸ், இந்தியானா பேசர்ஸ், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஆகிய நான்கும் அதே பெயரோடு என்பிஏவுக்குள் வந்தன என்பது வரைக்கும் தெரியும்.

என் கேள்வி இதுதான். லீக்கே மாறும்போது ஒரு அணி பழைய பெயரை வைத்துக்கொள்ளலாமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? புது லீக்கா, முதலாளியா, ரசிகர்களா? அப்புறம், பெயர் அப்படியே வந்துவிட்டால் அதே அணிதான் வந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? கூடைப்பந்து என்று இல்லை, எந்த விளையாட்டிலிருந்து உதாரணம் சொன்னாலும் சரி.

மூன்றாம் குவார்ட்டர்:

நீங்கள் சொன்ன நான்கில் டென்வரைப் பாருங்கள், உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே இருக்கிறது. அவர்கள் முதலில் டென்வர் ராக்கெட்ஸ். என்பிஏவிலோ ஹூஸ்டன் ராக்கெட்ஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. என்றைக்காவது அந்த லீக்குக்குப் போகத்தான் போகிறோம், போனால் ஒரே பெயரில் இரண்டு அணியை விடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, 1974லேயே நகட்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். கதவு திறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான்.

நெட்ஸ் விஷயம் கொஞ்சம் வலிக்கும். உள்ளே வர ஒவ்வொரு அணியும் 32 லட்சம் டாலர் கட்ட வேண்டும். நெட்ஸுக்கு மட்டும் அதற்கு மேலும் ஒரு பாரம்: நியூயார்க் நிக்ஸின் எல்லைக்குள் வருவதால் நிக்ஸுக்கு 48 லட்சம் டாலர் தனியாகத் தர வேண்டும். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? எர்விங்கை 30 லட்சம் டாலருக்கு பிலடெல்பியா செவன்டிசிக்ஸர்ஸிடம் விற்றுவிட்டார்கள். நீங்கள் ரசித்துப் பார்க்கிறீர்களே அந்தத் தாவல், அதை என்பிஏவில் நெட்ஸ் சட்டையோடு அவர் ஒரு ஆட்டத்தில்கூடச் செய்யவில்லை. 1976ல் ஏபிஏ சாம்பியனாக இருந்த அணி, அடுத்த சீசனில் என்பிஏவில் 22 வெற்றி, 60 தோல்வி. பெயர் வந்தது, அந்தப் பெயருக்கு மதிப்புத் தேடித்தந்தவர் வரவில்லை.

நீலக்கோடு:

ஐஸ் ஹாக்கியில் இதைவிட மோசம். 1979ல் டபிள்யூஎச்ஏ என்ற போட்டி லீக் மூடப்பட்டு எட்மன்டன் ஆயிலர்ஸ், கியூபெக் நோர்டிக்ஸ், வின்னிபெக் ஜெட்ஸ், நியூ இங்கிலாந்து வேலர்ஸ் ஆகிய நான்கு அணிகள் பெரிய லீக்கான என்எச்எல்லுக்குள் வந்தன. வேலர்ஸ் என்ற பெயரை யாரும் தொடவில்லை, ஆனால் முன்னால் இருந்த நியூ இங்கிலாந்து என்பது போய் ஹார்ட்ஃபோர்ட் ஆனது, ஏனென்றால் பாஸ்டன் புரூயின்ஸ் அந்த வட்டாரம் முழுக்கத் தங்களுடையது என்று நினைத்தார்கள். ஆக, பெயரில் பாதிக்கு மட்டும் அனுமதி.

ஆனால் என் மனதை அறுப்பது வின்னிபெக் ஜெட்ஸ்தான். டபிள்யூஎச்ஏவின் கடைசி சாம்பியன் அவர்கள், அந்த லீக்கின் ஆவ்கோ கோப்பையை மூன்று முறை வாங்கியவர்கள். என்எச்எல் போட்ட நிபந்தனை என்னவென்றால், தங்கள் கிளப்புகளுக்கு உரிமை உள்ள வீரர்களை என்எச்எல்லின் பழைய அணிகள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், புதிதாக வருகிறவர்கள் ஒரு சிலரை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாம். கோப்பை வாங்கிய அணி கலைந்து போனது. இரண்டாவது சீசனில், அதாவது 1980-81ல், 80 ஆட்டத்தில் 9 வெற்றிதான், நடுவில் தொடர்ந்து 30 ஆட்டம் வெற்றியே இல்லை. அதே நகரம், அதே பெயர், ஆனால் களத்தில் இறங்கியவர்கள் வேறு ஆட்கள். அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இல்லை, சொல்ல முடியாது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம். ஆயிலர்ஸ் வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி டபிள்யூஎச்ஏவில் அடித்த கோல்களை என்எச்எல் தன் கணக்கில் சேர்க்கவே இல்லை. சரி, வேறு லீக் என்று விட்டுவிடலாம். ஆனால் 1979-80ல் 137 புள்ளி எடுத்தவருக்கு அறிமுக வீரர் விருதான கால்டர் கோப்பைக்குத் தகுதி இல்லை என்றார்கள், காரணம் அவர் ஏற்கெனவே டபிள்யூஎச்ஏவில் ஒரு சீசன் ஆடிவிட்டாராம். கோலைக் கணக்கில் எடுக்காத லீக், அந்த வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இதில் என்ன நியாயம்?

பந்துப்பித்தன்:

கிரெட்ஸ்கி விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அப்படியென்றால் பெயர், வீரர்கள், சாதனைப் பதிவுகள் மூன்றும் தனித்தனியாகத்தான் லீக் மாறுகின்றன போலிருக்கிறது. மூன்றும் சேர்ந்தே போன அணி ஏதாவது உண்டா?

ஓவல்பந்து:

ஏன் இல்லை, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் இருக்கிறதே. அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் ஏஏஎஃப்சி என்ற லீக் 1946 முதல் 1949 வரை நான்கே சீசன்தான் நடந்தது, நான்கிலும் பிரவுன்ஸ்தான் சாம்பியன். 1950ல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ், பால்டிமோர் கோல்ட்ஸ் இவர்களோடு பெரிய லீக்கான என்எஃப்எல்லுக்கு வந்தார்கள். சின்ன லீக்கில் ஜெயித்தவர்கள்தானே, இங்கே என்ன செய்துவிடுவார்கள் என்றுதான் பலரும் பேசினார்கள். முதல் ஆட்டமே நடப்பு சாம்பியன் பிலடெல்பியா ஈகிள்ஸோடு, அவர்கள் ஊரிலேயே, 70 ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம். பிரவுன்ஸ் 35-10 என்று ஜெயித்தார்கள். அதே பயிற்சியாளர் பால் பிரவுன், பந்தை வீசியவர் அதே ஆட்டோ கிரஹாம். அந்த வருடக் கோப்பையும் அவர்களுக்குத்தான், இறுதிப் போட்டியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸை 30-28 என்று வீழ்த்தினார்கள். எனக்குத் தெரிந்து லீக் மாறிய அணிகளில் இவ்வளவு முழுசாக வந்து சேர்ந்தது வேறு எதுவும் இல்லை.

பெயர் இடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அடிலெய்ட் நல்ல உதாரணம். 1870ல் தொடங்கிய ஆஸ்திரேலிய ஃபுட்பால் கிளப். கருப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, மேக்பைஸ் என்ற பட்டப்பெயர். 1997ல் தேசிய லீக்கான ஏஎஃப்எல்லுக்குப் போனால் அங்கே காலிங்வுட் அணி அதே கருப்பு வெள்ளையில், அதே மேக்பைஸ் பெயரில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு பட்டப்பெயரை பவர் என்று மாற்றினார்கள், சட்டையில் டீல் நிறம் ஏறியது. ஆனால் அந்தப் பழைய சட்டை மீது அங்குள்ள ரசிகர்களுக்கு இருக்கும் பாசம் போகவே இல்லை. அவர்களோடு நானும் நிற்கிறேன், கிளப் பிறந்த மாநிலத்தில் நடக்கும் எல்லா ஆட்டத்திலுமாவது அதைப் போட்டு ஆட விடலாம்.

வடக்கு ஸ்டாண்ட்:

கால்பந்துக்காரன் சார்பில் டெரி சிட்டி. லீக் மட்டும் இல்லை, நாடே மாறிய கதை. வடக்கு அயர்லாந்து கிளப், 1965ல் அங்கே லீக் சாம்பியன். கலவரக் காலத்தில் மற்ற கிளப்புகள் பிராண்டிவெல் மைதானத்துக்கு வந்து ஆட மறுத்தன, சொந்த மைதானத்தில் ஆட முடியாமல் 1972ல் லீக்கை விட்டே விலகினார்கள். அதற்கப்புறம் 13 வருடம் உள்ளூர் சிறு போட்டிகள்தான். 1985ல் எல்லையைத் தாண்டி அயர்லாந்து குடியரசின் லீக்கில் சேர்ந்தார்கள், அதே பெயர், அதே மைதானம். 1989ல் லீக், எஃப்ஏஐ கோப்பை, லீக் கோப்பை மூன்றும் ஒரே சீசனில். 13 வருடம் பெரிய ஆட்டமே இல்லாத ஒரு கிளப்பின் பெயரை அந்த ஊர்க்காரர்கள் விடாமல் பிடித்திருந்தார்கள் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் கால்பந்து அணி 2009ல் எம்எல்எஸ் என்ற பெரிய லீக்குக்குப் போகும் முன் ரசிகர்களிடம் ஓட்டு கேட்டார்கள், கொடுத்த மூன்று பெயர்களில் 1974லிருந்து இருந்த சவுண்டர்ஸ் கிடையாது. சத்தம் கிளம்பியதும், வேறு பெயரையும் எழுதிப் போடலாம் என்றார்கள். எழுதிப் போட்டே சவுண்டர்ஸை ஜெயிக்க வைத்தார்கள். மோகன் பகான் ஐ-லீக்கிலிருந்து 2020ல் ஐஎஸ்எல்லுக்குப் போனபோது இணைந்த இன்னொரு கிளப்பின் பெயரான ஏடிகே என்ற மூன்று எழுத்து முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது, அதை எடுக்கச் சொல்லி ரசிகர்கள் விடாமல் போராடினார்கள், 2023ல் எடுக்கப்பட்டது. சூப்பர் ஜெயன்ட் என்று பின்னால் ஒட்டியிருக்கிறது, அதுவும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. 1889ல் வைத்த பெயருக்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் தேவையில்லை.

மூன்றாம் குவார்ட்டர்:

நீலக்கோடு சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. என்பிஏவும் ஏபிஏ கணக்கைத் தன் அதிகாரபூர்வச் சாதனைகளில் சேர்ப்பதில்லை, வாஸ்தவம். ஆனால் நெட்ஸ் 1977ல் நியூஜெர்சிக்குப் போய், 2012ல் புரூக்ளினுக்கு வந்து, இத்தனை இடம் மாறியும், இன்றைக்கு அவர்கள் அரங்கத்தின் கூரையைப் பார்த்தால் 1974, 1976 ஏபிஏ சாம்பியன் பட்டங்களுக்கான கொடிகள் தொங்குகின்றன. லீக் எழுதிவைக்காததை அணி கூரையில் தொங்கவிட்டிருக்கிறது. பந்துப்பித்தன், நீங்கள் பார்க்கும் பதிவுகளில் 1976 இறுதிப் போட்டி இருந்தால் விடாமல் பாருங்கள், எதிரில் ஆடுவது டென்வர் நகட்ஸ்.