மாத்தளைச் சலவைக்கல்லில் கார்னெற் பட்டை: ஸ்கார்னா? செம்பு, தங்கம் இருக்குமா?

மாத்தளைக்கல்:
வணக்கம். சுண்ணாம்புச் சூளைக்குக் கல் வெட்டும் இடத்தில், வெள்ளைச் சலவைக்கல்லுக்கும் பக்கத்துக் கருங்கல்லுக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் பச்சையும் சிவப்புமாக ஒரு பட்டை ஓடுகிறது. பச்சை டயொப்சைட் (பைரொக்சீன் வகைக் கனிமம்) போல, சிவப்பு கார்னெற். இடையிடையே மஞ்சளாக மினுங்கும் பொட்டுகள். இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் செம்பு, தங்கச் சுரங்கப் பகுதியில் போர்பிரி, ஸ்கார்ன் என்ற இருவகைத் தாதுப் படிவுகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றனவே, இங்கும் அப்படி வாய்ப்புண்டா?

சுடுநீர்த்தாது:
இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: நீர் செறிந்த கற்குழம்பு. கடற்தட்டு அமிழும் இடத்தில், எரிமலைகளுக்கு அடியில் 5 முதல் 15 கிலோமீற்றர் ஆழத்தில் அது தேங்கும். எடையில் 4 வீதமோ அதற்கு மேலோ நீர் கரைந்திருக்கும். ஆறும்போது வளரும் படிகங்கள் பெரும்பாலும் நீரற்றவை. அதனால் எஞ்சிய குழம்பிலிருந்து உப்பும் கந்தகமும் கலந்த சுடுபாய்மம் பிரிந்து, செம்பையும் தங்கத்தையும் தூக்கிக்கொண்டு மேலேறும். அதன் அழுத்தம் பாறையை வலைபோல வெடிக்க வைக்கும். பாய்மம் ஏறத்தாழ 425 பாகை செல்சியசிலிருந்து 320க்கு இறங்கும் வெடிப்புகளில்தான் கல்கோபைரைற், போர்னைற் என்ற செம்புக் கனிமங்கள் பெரும்பாலும் படியும். அதுதான் போர்பிரி. ஒரு தொன் கல்லில் 5 கிலோ செம்பு இருந்தாலே நல்ல சுரங்கம்.

அதே பாய்மம் சுண்ணக்கல்லில் புகுந்தால் ஸ்கார்ன். சுண்ணக்கல்லின் கல்சைற்றும் சிலிக்காவும் சேர்ந்து வொலஸ்டனைற் என்ற கனிமமாகும்போது காபனீரொட்சைட்டு வெளியேறி, திண்மத்தின் கனவளவு மூன்றில் ஒரு பங்கு சுருங்குகிறது. அந்த இடைவெளி அடுத்து வரும் பாய்மத்துக்கு வழி. அமிலப் பாய்மத்தைச் சுண்ணக்கல் நடுநிலையாக்குவதால் உலோகம் ஒரே இடத்தில் செறிவாக இறங்கும்.

முக்கியமானது இது: கார்னெற்றும் பைரொக்சீனும் 500 பாகைக்கு மேல், முதற்கட்டத்தில் வளர்பவை. செம்பில் பெரும்பங்கு வருவது பிறகு, எபிடோட், அம்பிபோல் என்ற கனிமங்கள் அவற்றை அரித்து வளரும் கட்டத்தில். கார்னெற்றைக் கண்டதும் தாது என்று முடிவு கட்டக்கூடாது.

கிராஸ்பெர்க் பகுதியில் முதலில் கண்ணில் பட்டது எர்ட்ஸ்பெர்க் ஸ்கார்ன்தான், 1936இல். சில கிலோமீற்றர் தள்ளியிருந்த கிராஸ்பெர்க் போர்பிரி 1988இல்தான் வெளிப்பட்டது.

பன்னவேலை:
மாத்தளையில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு தம்பி. போர்பிரி உருவாவது சில கிலோமீற்றர் ஆழத்தில். நம் மலைநாட்டுப் பாறைகளோ சுமார் 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீற்றருக்கும் கீழே, 700 பாகைக்கு மேல் வெந்து உருமாறியவை. மேலே ஏதாவது இருந்திருந்தாலும் அரிப்பில் எப்போதோ போயிருக்கும்.

நீங்கள் சொல்லும் பட்டை, கருங்கல்லின் சிலிக்காவும் சலவைக்கல்லின் கல்சியமும் மக்னீசியமும் எல்லையில் மெதுவாக ஊடுருவிக் கலந்ததால் வந்திருக்கலாம். கனிமங்கள் ஸ்கார்ன் போலவே இருக்கும், ஆனால் உலோகம் கொண்டுவர வெளியிலிருந்து பாய்மம் ஓடவில்லை. உண்மையான ஸ்கார்னில் ஒழுங்கு தெரியும்: தீப்பாறைக்கு அருகே கபிலக் கார்னெற், அப்பால் பைரொக்சீன், சலவைக்கல் விளிம்பில் வொலஸ்டனைற்.

மஞ்சள் பொட்டைக் கவ்வாத்துக் கத்தி நுனியால் கீறுங்கள். கீறு விழாவிட்டால் பைரைற், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். விழுந்து, டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் தேய்க்கும்போது பச்சை கலந்த கருங்கோடு வந்தால் கல்கோபைரைற். ஏடு ஏடாக உரிந்தால் மைக்கா. தங்கமென்றால் மஞ்சள் கோடு வரும், தட்டினால் உடையாது, தட்டையாகும்.

மாத்தளைக்கல்:
கத்தி கீறவில்லை. வேறு சில பொட்டுகள் ஏடாக உரிகின்றன. சலவைக்கல்லில் வினாகிரி விட்டேன், நுரைக்கவும் இல்லை.

பன்னவேலை:
அப்படியானால் பைரைற்றும் மைக்காவும். நுரைக்காதது டொலமைற் (மக்னீசியம் கலந்த சுண்ணக் கனிமம்) என்பதால். அதைத் தூளாக்கி மேலே விட்டுப் பாருங்கள், மெல்ல நுரைக்கும். செம்பு பார்க்க வேண்டுமென்றால் 1971இல் கண்டறிந்த சேருவில இருக்கிறது, திருகோணமலை மாவட்டத்தில். மக்னரைற் என்ற இரும்புத் தாதோடு கல்கோபைரைற். அது எப்படி உருவானது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை.