பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குக் காத்து வேணும், கையில 1,500 ரூபாய்தான் இருக்கு

வணக்கம் மக்களே. பெங்களூர்ல அல்சூர் பக்கம் இருக்கேன். மாமா வீட்டுப் பரண்ல கிடந்த ஏடிஎக்ஸ் (வழக்கமான டெஸ்க்டாப் அளவு) கேபினெட், 2006 வாக்குல வாங்கினது, தூசி தட்டி எடுத்திருக்கேன். தகடு நல்ல கனம். இப்போ மலிவா வர்றதெல்லாம் விரல் வெச்சு அழுத்தினாலே அமுங்குது, அதான் இதை விட மனசில்ல.

சிக்கல் காத்துதான். முன்பக்கம் 80 மி.மீ. ஃபேனுக்கு மட்டும் இடம், அதுவும் பொடிப்பொடி ஓட்டை. 120 மி.மீ. ஃபேன் வைக்கணும். திருகு ஓட்டைக்கு ஓட்டை 105 மி.மீ.னு அட்டையில வரைஞ்சு ஒட்டியாச்சு. ஆனா ஹார்ட் டிஸ்க் கூண்டு குறுக்கே நிக்குது, திருகு இல்ல, ரிவெட் ஆணி அடிச்சுப் பிணைச்சது. டிரில்லால ரிவெட் தலையை எடுத்தா போதுமா? கூண்டு போனா முன்பக்கம் ஆடுமா?

வட்டம் வெட்ட கிரைண்டரை வாடகைக்கு எடுக்கலாமா, இல்ல எஸ்.பி. ரோடு பக்கம் குறைச்ச கூலிக்கு வெட்டித் தர்ற பட்டறை தெரியுமா? நேத்து ஒருத்தர் 800 கேட்டார். அப்புறம் ஃபேன் எதுல வாங்குறது!

தகடு கத்திரியால ஒரு ஓரத்தை வெட்டிப் பார்த்து கட்டைவிரலைக் கிழிச்சுக்கிட்டேன். விளிம்புக்கு அரம் போட்ட பிறகு என்ன ரப்பர் மாட்டுறீங்க? மதர்போர்டைக் கழட்டியாச்சு, இரும்புத் தூள் பயம் இல்ல. சனிக்கிழமை ஆரம்பிக்கணும், அதுக்குள்ள சொல்லுங்க.